சுருளுக்குள் மின்னோட்டம் ஏறும் நேரம்

ஒவ்வொரு மின் துடிப்புக்கும் ஒரு சிறு அடியாக (ஸ்டெப்) திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார் வாங்கப் போனால், "எத்தனை கிலோ மோட்டார் வேண்டும்?" என்றுதான் கடையில் முதலில் கேட்பார்கள். 10 கிலோ, 19 கிலோ, 30 கிலோ என்று அவர்கள் சொல்வது கிலோ-சென்டிமீட்டரில் அளந்த பிடிப்பு முறுக்குவிசையை. அதாவது, சுருள்களில் முழு மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்க, அசையாமல் நிற்கும் தண்டை வலிந்து திருப்ப எவ்வளவு விசை வேண்டும் என்பதன் அளவு அது. இயந்திரத்தை நாம் நிற்பதற்காகக் கட்டுவதில்லை. வீட்டில் மூன்று அச்சு சி.என்.சி. ரவுட்டர் (கணினிக் கட்டளைப்படி வெட்டும் இயந்திரம்) ஒன்றைக் கட்டி, அதில் மரமும் அலுமினியமும் வெட்டிவரும் அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது இதுதான்: ஓடுகின்ற மோட்டாரின் வலிமை, ஒவ்வொரு ஸ்டெப்பின்போதும் அதன் சுருளுக்குள் மின்னோட்டம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. பவர் சப்ளையின் வோல்ட், சுருள்களுக்கு மின்னோட்டம் செலுத்தும் டிரைவரின் வகை, ஒரு ஸ்டெப்பை மேலும் பிரிக்கும் மைக்ரோஸ்டெப்பின் எண்ணிக்கை, மென்பொருளில் கொடுக்கும் வேக வரம்பு ஆகிய அனைத்தையும் இந்த ஒன்றை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தால், இயந்திரம் ஸ்டெப் தவறாமல் ஓடும்.

நாம் பெரும்பாலும் பயன்படுத்துபவை ஹைப்ரிட் வகை மோட்டார்கள். அவற்றின் சுழலியில் 50 பற்கள் கொண்ட இரண்டு இரும்புக் கிண்ணங்கள், ஒன்றுக்கொன்று அரைப் பல் அளவு விலகி, நடுவில் ஒரு நிலைக்காந்தத்துடன் பொருத்தப்பட்டிருக்கும். வெளிப்புறத்தில் இரண்டு சுருள் தொகுதிகள் உண்டு. அவற்றில் மின்னோட்டத்தின் திசையை முறையாக மாற்றிக்கொண்டே வந்தால், நான்கு மாற்றங்களுக்கு ஒரு பல் வீதம் சுழலி நகரும். ஒரு பல்லின் இடைவெளி 7.2 பாகை என்பதால் ஒரு ஸ்டெப் 1.8 பாகை, ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப்புகள். நீமா 17, நீமா 23 என்ற பெயர்கள் மோட்டாரின் முகப்புத் தகடு 1.7 அங்குலமா, 2.3 அங்குலமா என்பதை மட்டுமே சொல்கின்றன. வலிமையைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

இந்தச் சுருள்களுக்கு மின்தடையோடு, மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் மின்தூண்டமும் இருப்பதுதான் முழுச் சிக்கலுக்கும் காரணம். 19 கிலோ அளவிலான நீமா 23 மோட்டார் ஒன்றின் விவரத் தாளில் 3 ஆம்பியர், 1 ஓம், 3.5 மில்லிஹென்றி என்று இருப்பதாகக் கொள்வோம். ஓம் விதிப்படி 3 வோல்ட் கொடுத்தாலே 3 ஆம்பியர் பாய வேண்டும். மோட்டார் அசையாமல் நின்றுகொண்டிருக்கும்வரை அது உண்மையும்கூட. ஆனால் மின்தூண்டத்தை மின்தடையால் வகுத்தால் கிடைக்கும் நேர மாறிலி இங்கு 3.5 மில்லிநொடி; அவ்வளவு நேரம் கழிந்தும் மின்னோட்டம் தன் இறுதி அளவில் 63 விழுக்காட்டையே எட்டியிருக்கும். நிமிடத்துக்கு 300 சுற்று ஓடும் மோட்டாருக்கு நொடிக்கு 1000 ஸ்டெப்புகள் தேவை. ஒரு ஸ்டெப்புக்குக் கிடைப்பது 1 மில்லிநொடி மட்டுமே. அந்த ஒரு மில்லிநொடியில் 3 வோல்ட்டால் ஏற்ற முடிவது சுமார் 0.75 ஆம்பியர், அதாவது கால் பங்கு. முறுக்குவிசை மின்னோட்டத்தைப் பின்பற்றி வருவதால், 19 கிலோ என்று விற்ற மோட்டார் 5 கிலோ மோட்டாராக ஓடும். மின்னோட்டத்தின் திசை ஒவ்வொரு முறையும் எதிர்த்திசைக்குப் புரள வேண்டியிருப்பதையும், சுழலும் காந்தம் சுருளில் எழுப்பும் எதிர் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் நிலைமை இதைவிட மோசமாகவே இருக்கும்.

அதே சுருளுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 3 ஆம்பியரை எட்ட ஏறக்குறைய 1 மில்லிநொடி ஆகிறது. ஸ்டெப் முடியும் தறுவாயில்தான் முழு விசை வந்து சேர்கிறது. 36 வோல்ட் கொடுத்தால் 0.3 மில்லிநொடியே போதும். 3 வோல்ட் மோட்டாருக்கு 36 வோல்ட் கொடுப்பதா என்று முதன்முறை கேட்பவர்கள் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தைத் தீர்ப்பதே சாப்பர் வகை டிரைவரின் வேலை. அது முழு 36 வோல்ட்டையும் சுருளின் மேல் செலுத்தி, சிறு உணர்மின்தடையின் வழியாக மின்னோட்டத்தைக் கவனித்து, நாம் நிர்ணயித்த ஆம்பியரை எட்டியவுடன் துண்டித்து, சற்றே குறைந்ததும் மீண்டும் செலுத்துகிறது. இது நொடிக்குப் பல ஆயிரம் முறை நிகழ்கிறது. எனவே மோட்டாரின் தாளில் எழுதியிருக்கும் வோல்ட்டை முற்றாக மறந்துவிடலாம். கவனிக்க வேண்டியவை ஆம்பியரும் மில்லிஹென்றியும்தான்.

வோல்ட்டுக்கு மேல்வரம்பு உண்டா என்றால், உண்டு. மில்லிஹென்றியில் சொன்ன மின்தூண்டத்தின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் வருவதே அதிகபட்ச வோல்ட் என்று டிரைவர் தயாரிக்கும் கெக்கோடிரைவ் நிறுவனம் பரப்பிய ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. அதற்கு மேல் போனால் மோட்டாரின் இரும்பு வீணாகச் சூடேறும். நம் 3.5 மில்லிஹென்றி மோட்டாருக்கு அது சுமார் 60 வோல்ட். ஆயினும் டி.எம். 542 வகை டிரைவர்களின் மேல்வரம்பு 50 வோல்ட் என்பதால், முடிவு செய்வது மோட்டார் அன்று, டிரைவர். என் தேர்வு 36 வோல்ட். மேசை வேகமாக வந்து நிற்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஆற்றலைப் பவர் சப்ளைக்கே திருப்பி அனுப்புகிறது. அந்த நொடியில் டி.சி. மின்னழுத்தம் மேலே எழும். 48 வோல்ட் வைத்தால் அதற்கு விடும் இடைவெளி 2 வோல்ட் மட்டுமே. டிரான்ஸ்ஃபார்மரும் டயோடு பிரிட்ஜும் பெரிய மின்தேக்கியும் கொண்டு தாமே பவர் சப்ளையைக் கட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 24 வோல்ட் ஏ.சி. சுருள் திருத்தியபின் 32 வோல்ட்டுக்கு மேல் வந்து நிற்கும், இரவில் லைன் வோல்டேஜ் ஏறும்போது அதுவும் சேர்ந்து ஏறும்.

பவர் சப்ளையின் ஆம்பியரைப் பலரும் மிகையாகவே கணக்கிடுகிறார்கள். மூன்று மோட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் 3 ஆம்பியர், இரண்டு சுருள்கள் என்று பெருக்கி 18 ஆம்பியர் சப்ளை தேடுவது தேவையற்றது. நிற்கும் மோட்டாரின் சுருள்களில் ஒரு நேரத்தில் வெப்பமாகும் திறன் ஏறக்குறைய 9 வாட். அதை 36 வோல்ட்டிலிருந்து எடுக்க கால் ஆம்பியரே போதும். ஓடும்போது செய்யும் வேலைக்கேற்ப அது கூடும். மோட்டாருக்கு அதன் ஆம்பியரில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் தாராளமாகவே இருக்கும்.

டிரைவர் தேர்வில் நான் கண்டிப்பானவன். முப்பரிமாண அச்சுப்பொறியிலிருந்து வந்த ஏ4988 சிறு பலகையின் மேல்வரம்பு 35 வோல்ட், 2 ஆம்பியர். வெப்பத்தகடும் விசிறியும் இல்லாமல் 1 ஆம்பியரைத் தாண்டினாலே அது திணறும். டி.ஆர்.வி. 8825 சற்று மேல், 45 வோல்ட் வரை தாங்கும். டி.எம்.சி. 2209 மிக அமைதியாக ஓடும், ஆனால் அதன் எல்லை 29 வோல்ட். நீமா 17 மோட்டார் கொண்ட சிறு பிளாட்டருக்கோ (பேனாவால் வரையும் இயந்திரம்) லேசர் மேசைக்கோ இவை அருமையானவை. அலுமினியத்தில் 6 மி.மீ. கட்டரை இழுக்கும் இயந்திரத்துக்கு, தனிப் பெட்டியில் வரும், ஆப்டோ உள்ளீடு (ஒளி வழியே சமிக்ஞை பெறும் உள்ளீடு) கொண்ட டிரைவரையே பரிந்துரைப்பேன். சிறு பலகைகளில் ஆம்பியரைச் சரிசெய்யும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஏ4988-இல் உச்ச மின்னோட்டம் என்பது, பலகையிலுள்ள சிறு திருகால் மாற்றும் குறிப்பு மின்னழுத்தத்தை உணர்மின்தடையின் எட்டு மடங்கால் வகுத்தது. ஆனால் அந்த மின்தடை எல்லாப் பலகைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. 0.1 ஓம் உள்ள பலகையில் 0.8 வோல்ட் வைத்தால் 1 ஆம்பியர் வரும், 0.05 ஓம் உள்ள பலகையில் அதே 0.8 வோல்ட் 2 ஆம்பியரைக் கொடுத்துவிடும். பலகையில் அச்சிட்ட மின்தடை எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும்.

மைக்ரோஸ்டெப் என்றவுடன் துல்லியம் என்று பலர் நினைக்கிறார்கள். டிரைவரின் சுவிட்சை 1/32-இல் வைத்தால் ஒரு சுற்றுக்கு 6400 இடங்கள் கிடைப்பதாகக் கணக்கு சொல்லும். மோட்டார் அந்த ஒவ்வொரு இடத்திலும் சரியாகப் போய் நிற்கும் என்று பொருள் கொள்ளக்கூடாது. ஒரு மைக்ரோஸ்டெப் அளவு நகரக் கிடைக்கும் விசை, பிடிப்பு முறுக்குவிசையில் 1/8-இல் சுமார் 20 விழுக்காடு, 1/16-இல் 10, 1/32-இல் 5 விழுக்காடு. தண்டின் மேல் உள்ள உராய்வு அதைவிட அதிகமாக இருந்தால், முதல் மைக்ரோஸ்டெப்பில் எதுவும் அசையாது. இரண்டு மூன்று சேர்ந்தபின்தான் அசையும். மேலும் நல்ல மோட்டாரிலேயே ஸ்டெப்பின் பிழை முழு ஸ்டெப்பில் 5 விழுக்காடு வரை இருக்கலாம், அதாவது 0.09 பாகை, 1/16 மைக்ரோஸ்டெப்பின் அளவோ 0.1125 பாகை. அதற்கு மேல் பிரிப்பது எண்ணிக்கையை மட்டுமே கூட்டும். மைக்ரோஸ்டெப்பின் உண்மையான பயன் சீரான ஓட்டம்தான். முழு ஸ்டெப்பில் மோட்டார் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய், திரும்பி, அதிர்ந்து அடங்குகிறது. நொடிக்கு 100 முதல் 200 ஸ்டெப் வரையிலான வேகத்தில் அந்த அதிர்வு துடிப்புகளோடு ஒத்திசைந்துவிட்டால், சுமையே இல்லாமல்கூட மோட்டார் நின்றுவிடும். 1/8-க்கு மாறினாலே அந்த ஒத்ததிர்வு பெருமளவு அடங்கிவிடும்.

மிகையான மைக்ரோஸ்டெப்புக்கு இன்னொரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பது கட்டுப்பாட்டுப் பலகை. நார்வேயின் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் தொடங்கி, பின்னர் சங்யுன் ஜியான் வளர்த்தெடுத்த, கட்டளைகளை மோட்டார் துடிப்புகளாக்கும் ஜி.ஆர்.பி.எல். மென்பொருள், ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு பலகையின் 16 மெகாஹெர்ட்ஸ் சிப்பில் நொடிக்கு 30,000 துடிப்புகள் (துடிப்புக்கு ஒரு மைக்ரோஸ்டெப்) வரை சீராகக் கொடுக்கிறது. அவ்வளவு சிறிய சிப்பில் மூன்று அச்சுகளை ஒருங்கிணைத்து ஓட்டும் அந்தக் குறிமுறையை நான் மிகுந்த மரியாதையோடு படித்திருக்கிறேன். எந்த அச்சுக்கு எந்த நொடியில் துடிப்பு போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும் முறை, ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜாக் பிரெசன்ஹாம் 1962-இல் உருவாக்கிய கோட்டு வழிமுறை. இன்று கணினித் திரையில் கோடு வரையும் பாடமாக அதைக் கற்பிக்கிறார்கள். ஆனால் அது பிறந்தது கணினியோடு இணைத்த ஒரு கால்காம்ப் பிளாட்டரின் பேனாவைச் சிறு சிறு ஸ்டெப்புகளாக நகர்த்துவதற்காகவே. வகுத்தலோ தசமமோ இல்லாமல், கூட்டலும் ஒப்பிடலும் மட்டுமே கொண்டு, இரண்டு மோட்டார்களை ஒரே சாய்கோட்டில் அழைத்துச் செல்லும் அந்த வழிமுறை இன்று நம் வீட்டு இயந்திரங்களில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

30,000 என்பது பெரிய எண்ணாகத் தெரியும். 5 மி.மீ. லீட் (ஒரு சுற்றுக்கு மேசை நகரும் தூரம்) உள்ள பால் ஸ்க்ரூவில், அதாவது மேசையை நகர்த்தும் திருகுத் தண்டில், 1/8 மைக்ரோஸ்டெப் வைத்தால் ஒரு மி.மீ.க்கு 320 துடிப்புகள். நிமிடத்துக்கு 5625 மி.மீ. வரை போகலாம். 1/16-இல் அது 2812 ஆகிறது. 1/32-இல் வெறும் 1406 மி.மீ. அதாவது மோட்டாருக்கு இன்னும் வேகம் இருந்தும் பலகையால் அதைக் கேட்க முடியாத நிலை. ஆகவே ஊனோவோடு பால் ஸ்க்ரூ இயந்திரம் கட்டுபவர்களுக்கு 1/8 என்பதே என் பரிந்துரை. நவீன டி.எஸ்.பி. (எண்முறைச் சமிக்ஞைச் செயலி) டிரைவர்கள் 1/8 உள்ளீட்டையும் உள்ளுக்குள் நுணுக்கமாகப் பிரித்துக்கொள்வதால் ஓசையிலும் பெரிய இழப்பில்லை.

இனிச் சொல்லப்போவது பலரை மாதக்கணக்கில் அலைக்கழிக்கும் ஒரு சிக்கல். ஒரு செதுக்கு வேலை தொடங்கும்போது சரியாக இருக்கிறது. நேரம் செல்லச் செல்ல வடிவம் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறது. வேகத்தைக் குறைத்தாலும் நகர்கிறது, ஆம்பியரைக் கூட்டினாலும் நகர்கிறது. உடனே மோட்டாரைச் சந்தேகிக்கிறார்கள். பல நேரங்களில் காரணம் துடிப்புக்கும் திசைச் சமிக்ஞைக்கும் இடையிலுள்ள மைக்ரோநொடிகளில் இருக்கிறது. டி.எம். 542 போன்ற டிரைவர்கள், துடிப்பு வருவதற்குக் குறைந்தது 5 மைக்ரோநொடி முன்பே திசை நிலைபெற்றிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஜி.ஆர்.பி.எல்.-இன் வழக்கமான அமைப்போ திசையை மாற்றிய அடுத்த கணமே துடிப்பை அனுப்பிவிடுகிறது. டிரைவர் துடிப்பின் முதல் விளிம்பில் இயங்கினால், திசை மாறிய பிறகு வரும் முதல் ஸ்டெப் பழைய திசையிலேயே போய்விட வாய்ப்புண்டு. இரு பக்கமும் இப்படித் தவறினால் கணக்கு நேராகிவிடும். ஆனால் டிரைவரின் உள்ளீட்டிலுள்ள ஆப்டோ கப்ளர் எரியும் நேரமும் அணையும் நேரமும் ஒன்றல்ல என்பதால், ஒரு பக்கத் திருப்பம் சரியாகவும் மறுபக்கத் திருப்பம் தவறாகவும் அமையும். அப்போது ஒவ்வொரு போக்குவரத்துக்கும் இரண்டு மைக்ரோஸ்டெப் நகர்ந்துவிடும். 320 துடிப்பு அமைப்பில் அது 0.00625 மி.மீ. தான், 160 முறை போய்வந்தால் முழுதாக 1 மி.மீ. ஆகிவிடுகிறது.

இதற்கான மருந்து எளிது. துடிப்பின் பின் விளிம்பில் டிரைவர் இயங்கும்படி செய்துவிட்டால், துடிப்பின் அகலமான 10 மைக்ரோநொடியும் திசை நிலைபெறக் கிடைக்கும் நேரமாகிவிடும். ஜி.ஆர்.பி.எல்.-இல் $2 அமைப்பால் துடிப்பைத் தலைகீழாக்கலாம். அல்லது டிரைவரின் துடிப்பு நேர்முனையை 5 வோல்ட்டில் நிலையாக இணைத்து, எதிர்முனையைப் பலகையின் பின்னோடு இணைக்கலாம். இரண்டையும் ஒருங்கே செய்தால் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஸ்டெப் தவறுதலின் காரணத்தை அதன் நடத்தையே காட்டிக்கொடுக்கும் என்பது இந்த இயந்திரத்தோடு பழகியதில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவு. திசைத் திருப்பங்களின் எண்ணிக்கையோடு பிழை வளர்ந்தால் மேலே சொன்ன விளிம்புச் சிக்கல். வேகமான நகர்வுகளில் மட்டும், கீச்சென்ற ஒலியோடு, பல மில்லிமீட்டர் ஒரேயடியாக இழந்தால் அது முறுக்குவிசை போதாமை. வோல்ட்டையோ வேக வரம்பையோ பார்க்க வேண்டும். நகர்ந்த தூரத்துக்கு நேர் விகிதத்தில் பிழை இருந்தால் ஸ்டெப் எதுவும் தவறவில்லை, ஒரு மி.மீ.க்கு எத்தனை துடிப்பு என்று சொல்லும் $100 எண்தான் தவறு. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும், ஒழுங்கே இல்லாமல் வந்தால் மின் இரைச்சல். துடிப்புக் கம்பிகளை முறுக்கிய இணையாக இழுத்து, மோட்டார் கேபிளின் கவசத்தைப் பெட்டியின் முனையில் மட்டும் புவியிணைப்புச் செய்து, ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. கேபிளைத் தனி வழியில் கொண்டுசெல்ல வேண்டும். மோட்டார் தண்டை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங்கின் திருகு தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும் என்பதால், எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு மார்க்கர் பேனாவால் தண்டிலும் கப்ளிங்கிலும் ஒரே கோடு இழுத்துவிடுவது நல்லது.

முடுக்கத்தைப் பற்றி ஒரு கணக்கைச் செய்து பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 76 மி.மீ. நீளமுள்ள நீமா 23 மோட்டாரின் சுழலிக்கு நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி முடுக்கத்தை எதிர்க்கும் அளவு) சுமார் 480 கிராம்-செ.மீ.². 16 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. நீளமும் கொண்ட ஸ்க்ரூவுக்குச் சுமார் 300. 10 கிலோ எடையுள்ள மேசை, 5 மி.மீ. லீட்டின் வழியாக மோட்டாருக்குத் தெரிவதோ வெறும் 63. ஆக, மோட்டார் பெரும்பாலும் தன்னைத்தானே முடுக்கிக்கொள்ளவே உழைக்கிறது. இம்மூன்றையும் சேர்த்து நொடிக்கு நொடி 500 மி.மீ. முடுக்கத் தேவைப்படும் முறுக்குவிசை சுமார் 0.05 நியூட்டன்-மீட்டர், மோட்டாரின் பிடிப்போ 1.9. ஜி.ஆர்.பி.எல்.-இன் தொடக்க மதிப்பான 10 என்பதிலேயே முடுக்க அமைப்பான $120-ஐ விட்டுவைத்து, இயந்திரம் மந்தமாக இருக்கிறது என்று வருந்துபவர்கள் இதைக் கவனிக்கலாம். பெரிய மோட்டார் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் இங்கே அடிபடுகிறது. 30 கிலோ மோட்டாருக்குச் சுழலி கனம், பெரும்பாலும் மின்தூண்டமும் அதிகம். அதே டிரைவரிலும் அதே 36 வோல்ட்டிலும், நிமிடத்துக்கு 600 சுற்றில் அது 19 கிலோ மோட்டாரைவிட மெலிந்துவிடக்கூடும்.

பழைய பிரிண்டர்களிலிருந்தும் பிளாட்டர்களிலிருந்தும் கழற்றிய மோட்டார்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் ஆறு கம்பி வந்தால், ஒவ்வொரு சுருளின் நடு முனையையும் விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் டிரைவரில் இணைக்கலாம். ஆனால் அப்போது மின்தூண்டம் நான்கு மடங்காகும், தாளில் உள்ள ஆம்பியரில் 70 விழுக்காடே கொடுக்க வேண்டும். மேலும் கீழும் மெதுவாக ஓடும் இசட் அச்சுக்கு அது போதுமானது. எந்தக் கம்பி எந்தச் சுருளைச் சேர்ந்தது என்பதைக் காண மல்டிமீட்டர்கூட வேண்டாம். நான்கு கம்பி மோட்டாரில் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்துத் தண்டைக் கையால் திருப்பினால், ஒரே சுருளாக இருக்கும்போது தண்டு சட்டென்று இறுகும். ஓடும்போதோ, மின்சாரம் இருக்கும்போதோ மோட்டார் கம்பியை ஒருபோதும் கழற்றக்கூடாது; சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் வழியின்றி எழுப்பும் மின்னழுத்தம் டிரைவரின் டிரான்சிஸ்டர்களைக் கொன்றுவிடும். பூட்டும் வளையம் உள்ள ஜி.எக்ஸ். 16 கனெக்டர்களை நான் விரும்புவது இதனால்தான்.

எல்லாம் இணைத்தபின் வேக வரம்பை ஊகத்தில் வைக்காமல் அளந்து வைப்பதே முறை. மேசையின் ஓர் ஓரத்தில், நுண்ணிய நகர்வை ஊசியால் காட்டும் டயல் இண்டிகேட்டரைப் பொருத்திச் சுழியில் நிறுத்தி, அச்சை 300 மி.மீ. தொலைவுக்கு இருபது முறை போய்வரும்படி ஒரு சிறு ஜி-கோடு (இயந்திரக் கட்டளை நிரல்) எழுதி, வேக வரம்பான $110-ஐ 500 மி.மீ. வீதம் உயர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஊசி சுழிக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பாத முதல் வேகமே அந்த அச்சின் எல்லை. அதில் 60 விழுக்காட்டை வரம்பாக எழுதிவிட்டு, $120-க்கும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். கட்டர் மரத்தில் இறங்கும்போது கூடும் சுமைக்கும், தூசி படிந்து எண்ணெய் வற்றிய நாட்களின் உராய்வுக்கும் மீதி 40 விழுக்காடு தேவைப்படும். நிற்கும்போதும் மோட்டார் பிடித்துக்கொண்டிருக்க $1-ஐ 255 என்று வைத்து, டிரைவரில் நிற்கும்போது ஆம்பியரைப் பாதியாக்கும் சுவிட்சை இயக்கிவிட்டால், சுருள்களில் வெப்பமாகும் திறன் கால் பங்காகிவிடும். அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மோட்டார் உறையின் வெப்பநிலையை அளந்து, அது 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஆம்பியரை ஒரு சுவிட்ச் குறைத்து, டயல் சோதனையை முதலிலிருந்து மீண்டும் நடத்த வேண்டும்.